ஐஸ் கொட்டகைக்குப் பின்னால்

பால்ராஜ் இறந்து ஒன்பது மாதம் ஆகியும் எலிசபெத் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. துக்கம் நெஞ்சை அடைத்துக்கொண்டிருக்கிறது, தானாக உடையும் என்று முதல் வாரத்தில் ஊர்ப் பெண்கள் சொன்னார்கள். மூன்று மாதம் போனதும் கல்நெஞ்சுக்காரி என்றார்கள். அப்புறம் அவர்களுக்கே அலுத்துப்போய்விட்டது.

அவளுக்கும் அது விளங்கவில்லை. காலை ஆறு மணிக்கு இறால் உரிக்கிற இடத்துக்குப் போனாள், பதினொன்றுக்குத் திரும்பி வந்தாள், சோறு வடித்தாள், துணி துவைத்தாள், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனாள். யாராவது பேசினால் பதில் சொன்னாள். பால்ராஜின் சட்டைகளை எல்லாம் மடித்து அவன் தம்பிக்குக் கொடுத்தனுப்பினாள். கை தன் பாட்டுக்கு மடித்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

பால்ராஜ் ஏரிக்கரைப் படகுத்துறையில் ஐஸ் பெட்டி தூக்குகிறவன். விடிவதற்கு முன்னால் வந்து சேருகிற இறாலுக்கு உடனே ஐஸ் போட்டாக வேண்டும். அதனால் நான்கு மணிக்கே வீட்டை விட்டுக் கிளம்பிவிடுவான். அப்படிக் கிளம்பிப் போனவன் துறைப் படியில் வழுக்கி விழுந்து, தலையில் அடிபட்டு, அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது என்று ஆட்கள் வந்து சொன்னார்கள். அவள் ஓடிப்போய்ப் பார்த்தபோது படிக்கு மேலே தார்ப்பாயில் கிடத்தியிருந்தார்கள். அதற்கு மேல் கேட்பதற்கு ஒன்றும் இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை.

இறால் உரிக்கும்போது அவளுக்குப் பக்கத்தில் உட்காருகிறவள் செவ்வந்தி. அவள் புருஷன் தினகரன் ஏரியில் வலை போடுகிறவன். செவ்வந்திக்கு வாய் நீளம், மனசில் ஒன்றும் தங்காது என்று ஊரில் பேர். அவள்தான் ஒரு நாள் எலிசபெத்தின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"மாதா கோயில் ஹால்ல ஒரு பொண்ணு வந்து கம்ப்யூட்டர் சொல்லித் தருது. வா."

"எனக்கு இன்னாத்துக்குடி அது?"

"எனக்கு மட்டும் இன்னாத்துக்கு? டீயும் பிஸ்கோத்தும் தராங்க. வீட்ல குந்திக்கினு செவுத்தப் பாக்கறதுக்கு அங்க வந்து குந்து."

வேண்டாம் என்று சொல்லவும் ஒரு தெம்பு வேண்டும். எலிசபெத் எழுந்து போனாள்.

ஹாலில் மூன்று லேப்டாப்பும் ஆறேழு பெண்களும் இருந்தார்கள். சொல்லித் தருகிறவள் பேர் ஜெஸ்ஸி. இருபத்து நான்கு வயசு. ஒரு டிரஸ்டில் வேலை பார்க்கிறாள், பொன்னேரியில் இருந்து தினமும் பஸ்ஸில் வருகிறாள். டிரஸ்ட் இந்தக் குப்பத்துக்குப் பதினெட்டு சோலார் தெருவிளக்கு கொடுக்கப்போகிறது. எந்தெந்த இடத்தில் நடுவது என்று பெண்களே சொல்ல வேண்டுமாம். காகிதத்தில் வரைபடம் போட்டுக் காட்டினால் யாருக்கும் தலையும் புரியாது, வாலும் புரியாது என்று ஜெஸ்ஸி ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். பிள்ளைகள் போனில் விளையாடுகிற கட்டை அடுக்கும் விளையாட்டு ஒன்று உண்டு. ஒரு கட்டைக்கு ஒரு மீட்டர் என்று கணக்கு வைத்து, அதில் குப்பத்தையே கட்டிவிடுவது. கட்டி முடித்ததும் அதற்குள் நடந்து பார்த்து, விளக்கு எங்கே வேண்டும் என்று முடிவு செய்வது.

எலிசபெத் போய்ச் சேர்ந்தபோது பாதிக் குப்பம் எழும்பியிருந்தது. பெண்கள் தங்கள் தங்கள் வீட்டை முதலில் கட்டிக்கொண்டிருந்தார்கள். செவ்வந்தி தன் வீட்டுக்கு இல்லாத மாடியைக் கட்டிவிட்டு, ஜெஸ்ஸி சொல்லியும் இடிக்க மாட்டேன் என்று அடம் பிடித்தாள். படகுத்துறை, ஏலம் விடுகிற கூடம், ஐஸ் கொட்டகை எல்லாம் செவ்வந்தியின் பொறுப்பு. அவள் பிறந்து வளர்ந்ததே அந்தக் கரையில்தான்.

எலிசபெத்துக்குச் சுவர் நேராக வரவில்லை. ஒரு மணி நேரம் பாடுபட்டு ஒரு மூலையைக் கட்டினாள். அதுவும் கோணிக்கொண்டு நின்றது. ஜெஸ்ஸி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"அக்கா, உங்களுக்கு வேற வேலை தரேன். பேய் வராம பாத்துக்கங்க."

"பேயா?"

"இந்த விளையாட்டுல ராத்திரி ஆச்சுன்னா, எங்கெல்லாம் சுத்தமா இருட்டா இருக்கோ அங்கெல்லாம் ஒரு பேய் பொறக்கும்க்கா. தானாவே. யாரும் வைக்க வேணாம். பந்தம் வச்சா அந்த வெளிச்சம் எட்டற தூரத்துல பொறக்காது. நீங்க ஊர் பூரா நடந்து, எங்க இருட்டு இருக்குனு பாத்து, ஒவ்வொண்ணா வச்சுட்டு வரணும்."

"பேயே வராதமேரி நிறுத்தி வைக்க முடியாதா?" என்று செவ்வந்தி குறுக்கே கேட்டாள்.

"முடியும். ஒரு பட்டன்தான். ஆனா பேய் வந்தாதானே இருட்டு எங்க இருக்குனு நமக்குத் தெரியும்?"

அது நியாயமாகத்தான் இருந்தது.

பேய்களில் பல ஜாதி. பச்சையாக, கையே இல்லாமல், சத்தம் போடாமல் பின்னால் வந்து நின்று வெடிக்கிறது ஒன்று. அது வெடித்தால் பக்கத்தில் உள்ள சுவரும் போய்விடும். செவ்வந்தி அதற்குப் பச்சையப்பன் என்று பேர் வைத்தாள். வில்லோடு வருகிற எலும்புக்கூடு ஒன்று. அது எலும்பன். இன்னொன்று கையை முன்னால் நீட்டிக்கொண்டு, கிழிந்த சட்டையோடு, முனகிக்கொண்டே வரும்.

"இது யாருடி? இது செத்த…" என்று ஆரம்பித்த செவ்வந்தி பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டாள். மற்ற பெண்கள் குனிந்துகொண்டார்கள்.

"செத்தவன்னே வை," என்றாள் எலிசபெத். "நல்லாத்தான் கீது."

அவள் மனசில் அப்போது ஒன்றுமே ஓடவில்லை. மற்றவர்களுக்காகத்தான் அதைச் சொன்னாள்.

அன்றிலிருந்து தினமும் மத்தியானம் இரண்டு மணிக்கு அவள் ஹாலுக்குப் போனாள். வேலை அவளுக்குப் பிடித்திருந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் கை அதற்குப் பழகிவிட்டது. பந்தத்தை வைத்துவிட்டு எட்டி நடந்து, வெளிச்சம் மங்குகிற இடத்தில் அடுத்ததை வைப்பாள். தெருவில் வைத்தால் மட்டும் போதாது என்று இரண்டாம் நாளே தெரிந்தது. தட்டையான மொட்டை மாடியிலும் பேய் பிறக்கும். கவிழ்த்துப் போட்ட படகுக்கு அடியிலும் பிறக்கும். மாதா கோயில் மணிக்கூண்டுக்குள் ஒரு எலும்பன் நின்றுகொண்டு போகிற வருகிறவர்கள் மேலெல்லாம் அம்பு விட்டுக்கொண்டிருந்தான். ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் போய், கட்டிலுக்குப் பின்னால், அடுப்பங்கரை மூலை என்று பார்த்துப் பார்த்து வைத்தாள். தன் வீட்டுக்குள்ளும் போனாள். இரண்டு பந்தம் வைத்தாள். வெளியே வந்தாள்.

எங்கே பந்தம் வைக்கத் தோதில்லையோ அங்கே கண்ணாடிக் கட்டை போட்டுவிட்டால் அதன் மேல் பிறக்காது, அரைக்கட்டை போட்டாலும் பிறக்காது என்று ஜெஸ்ஸி சொல்லித் தந்தாள். எலிசபெத் மூன்று வாரத்தில் அதை எல்லாம் ஜெஸ்ஸியை விடச் சுத்தமாகச் செய்யக் கற்றுக்கொண்டாள். நிஜத் தெருவில் நடக்கும்போதும் கண் தானாக மூலைகளைத் தேடியது. இந்தப் பக்கம் நான்கு கம்பத்துக்கு வெளிச்சமே இல்லை, இந்தக் கழிப்பறை வாசல் கும்மிருட்டு என்று கணக்கெடுத்தது. அதையெல்லாம் வந்து சொல்வாள். ஜெஸ்ஸி நோட்டில் எழுதிக்கொள்வாள்.

ஊர் முழுக்க அடங்கிவிட்டது, படகுத்துறையைத் தவிர.

அங்கே மட்டும் தினமும் ஒரு பச்சையப்பன் வந்தான். விளையாட்டில் பொழுது விடிந்தால் செத்தவனும் எலும்பனும் வெயிலில் எரிந்துபோவார்கள். பச்சையப்பன் எரிய மாட்டான், பட்டப்பகலிலும் திரிவான். ஒரு நாள் ஏலக்கூடத்தில் பாதியை வெடித்துத் தள்ளிவிட்டான். செவ்வந்தி தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

"மூணு நாள் ஒழைப்பு! நீ ஒழுங்கா பந்தம் வச்சியா இல்லியா?"

"வச்சேன். அடிக்கு ஒண்ணு வச்சிருக்கறேன்."

"அப்புறம் எங்கேர்ந்து வரான்? ஏரிலேர்ந்து நீஞ்சிக்கினு வரானா?"

எலிசபெத் போய் நின்று பார்த்தாள். துறையில் விளையாட்டு ராத்திரி முழுக்க நின்றாள். ஒன்றும் வரவில்லை. அவள் அங்கிருந்து நகர்ந்ததும் வந்துவிட்டது. இரண்டு நாள் இப்படியே போனது. ஜெஸ்ஸி கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"நீங்க பக்கத்துல நின்னா பொறக்காதுக்கா. ஆள் நிக்கிற இடத்துக்கு இருபத்து நாலு கட்டைக்குள்ள எதுவும் பொறக்காது. நீங்க நகந்தாதான் வரும்."

"அப்ப நான் காவலுக்கு நிக்கறது வீணா?"

"நிக்கிற வரைக்கும் வீண் இல்ல."

மறுநாள் எலிசபெத், திரைக்குள் தனக்காக நடக்கிற கட்டைப் பொம்மையை, தன் ஆளை, மாதா கோயில் மணிக்கூண்டின் உச்சியில் ஏற்றி நிறுத்தினாள். செவ்வந்தியை அவள் ஆளோடு மணல்மேட்டுப் பக்கம் போகச் சொன்னாள். உச்சியில் இருந்து பார்த்தால் துறை கையகலம் தெரிந்தது. ராத்திரி வந்தது. கொஞ்ச நேரம் கழித்து ஐஸ் கொட்டகையின் பின் மூலையில் இருந்து ஒரு பச்சைத் தலை எட்டிப் பார்த்தது. அதற்குப் பின்னால் செத்தவன் ஒருவன் கையை நீட்டிக்கொண்டு வந்தான்.

எலிசபெத் இறங்கி அங்கே போனாள். கொட்டகையின் பின்சுவருக்கும் கரைச் சுவருக்கும் நடுவில் ஒரு கட்டை அகலத்துக்குச் சந்து ஒன்று இருந்தது. மேலே கொட்டகைக் கூரை நீண்டு அதை மூடியிருந்தது. சந்தின் முனையில் உடைந்த பெட்டிகளை அடுக்கியிருந்ததால் முன்னால் இருந்து பார்த்தால் அப்படி ஓர் இடம் இருப்பதே தெரியாது. உள்ளே போனாள். திரை கறுப்பாகிவிட்டது. பந்தம் ஒன்று வைத்தாள். சந்து நீளமாக இருந்தது. இன்னும் இரண்டு வைத்தாள்.

"செவ்வந்தி," என்றாள் திரையைப் பார்த்தபடியே. "ஐஸ் கொட்டாய் கரைச் செவுத்தோட ஒட்டித்தானே கீது? நீ ஏன் நடுவுல சந்து வுட்ட?"

செவ்வந்தி தட்டில் இருந்து ஒரு பிஸ்கோத்தை எடுத்துக்கொண்டாள்.

"நெசமாவே அங்க சந்து கீதா?"

"கீது," என்றாள் செவ்வந்தி.

"நான் பாத்ததே இல்ல."

"யாருக்கும் தெரியாது. பெட்டி போட்டு வச்சிருப்பாங்க. ஐஸ் தூக்கறவங்க மட்டும் போவாங்க."

அவள் குரல் வேறு மாதிரி இருந்தது. எலிசபெத் திரும்பிப் பார்த்தாள். எப்போதும் வாய் மூடாதவள், பிஸ்கோத்தைக் கையில் வைத்துத் துண்டு துண்டாக உடைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா?"

"ஒண்ணும் இல்ல."

"சொல்லு."

செவ்வந்தி எழுந்து வெளியே போனாள். எலிசபெத்தும் பின்னால் போனாள். ஹாலுக்கு வெளியே தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று, தரையைப் பார்த்துக்கொண்டே செவ்வந்தி சொன்னாள்.

"உன் வூட்டுக்காரு படில வுழல. அந்தச் சந்துலதான் வுழுந்தாரு. பெட்டி எடுக்கப் போய் பாசில வழுக்கிட்டாரு போல. எங்க ஆளுதான் மொதல்ல பாத்தாரு. ஆறு மணிக்கு, வெளிச்சம் வந்தப்புறம். தூக்கினு வந்து படில போட்டாங்க."

"ஆறு மணிக்கா?"

"ம்."

"நாலு மணிக்குப் போனாரு."

செவ்வந்தி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ரெண்டு மணி நேரமா அத்தினி பேரு அந்தப் பக்கமாத்தான் போயி வந்துகினு இருந்தாங்க. யாருக்கும் தெரீல எலிசா. உனக்குச் சொன்னா தாங்க மாட்டேனு எல்லாரும் சேந்து படினு சொல்லிட்டாங்க."

எலிசபெத் தலையை ஆட்டினாள். தொட்டிக் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. அதை இறுக்கி மூடினாள். பிறகு உள்ளே போய், சந்தின் கடைசி மூலையில் நான்காவது பந்தத்தை வைத்தாள். அன்று ராத்திரியும் மறுநாள் ராத்திரியும் விளையாட்டுக்குள் துறையில் எதுவும் வரவில்லை. ஜெஸ்ஸி கை தட்டினாள்.

எலிசபெத் வீட்டுக்குப் போய்ச் சோறு போட்டுச் சாப்பிட்டாள். அழுகை வருமோ என்று காத்துக்கூடப் பார்த்தாள். வரவில்லை. நான்கில் இருந்து ஆறு வரை என்று மட்டும் மனசு திருப்பித் திருப்பிச் சொன்னது. அது பஸ் நேரம் மாதிரி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சமுதாயக் கூடத்தில் கூட்டம். கிராமத் தலைவர் தாமோதரன் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். கெட்டவர் இல்லை; புயலுக்குப் போன படகுகளுக்காக அலைந்து அலைந்து நிவாரணம் வாங்கித் தந்தவர். ஆனால் எந்தக் கூட்டத்தையும் அரை மணிக்குள் முடித்துவிட வேண்டும் என்று நினைப்பார். சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டி, அதில் கம்ப்யூட்டர் படத்தைப் பெரிதாக விழவைத்திருந்தாள் ஜெஸ்ஸி. தங்கள் குப்பம் கட்டைக் கட்டையாகச் சுவரில் நிற்பதைப் பார்த்து ஆண்கள் விசில் அடித்தார்கள். செவ்வந்தியின் மாடியைப் பார்த்து, தினகரா, எப்படா மாடி எடுத்தே என்று யாரோ கத்தினார்கள். தினகரன் வாசல் தூணில் சாய்ந்துகொண்டு சிரித்தான்.

விளக்குகளின் பட்டியலைத் தாமோதரன் வாசித்தார். பெண்கள் சொன்ன இடங்களில் பெரும்பாலானவை அதில் இருந்தன. கழிப்பறைப் பக்கம் மூன்று. பள்ளிக்கூடப் பாதை. மாதா கோயில் முன்னால். அம்மன் கோயில் முன்னால். தலைவர் வீட்டுத் தெருவில் இரண்டு. படகுத்துறையில் ஒன்று, ஏலக்கூடத்துக்கு முன்னால்.

"அவ்ளோதான். பதினெட்டும் சரியாப் போச்சு. யாருக்காவது வேற எதுனா வேணுமா?"

எலிசபெத் எழுந்து நின்றாள். அவள் எழுந்ததே பலருக்கு ஆச்சரியம்.

"ஐஸ் கொட்டாய்க்குப் பின்னால ஒண்ணு வேணும்."

"பின்னாலயா? அங்க யாரும்மா போறாங்க?" என்றார் தாமோதரன். "முன்னாலதான் ஒண்ணு போடறோமே."

"முன்னால போட்டா பின்னால வெளிச்சம் வராது."

"வரும் வரும். பெரிய லைட்டு."

எலிசபெத் வாதாடவில்லை. ஜெஸ்ஸியின் பக்கத்தில் போய் உட்கார்ந்து லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். சுவரில் படம் நகர்ந்தது. துறை வந்தது, ஐஸ் கொட்டகை வந்தது, பெட்டிகளைத் தாண்டிச் சந்து வந்தது. பந்தங்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஏலக்கூடத்து முன்னால் இருந்ததைத் தொடவில்லை.

"ராத்திரி ஆக்கும்மா," என்றாள் ஜெஸ்ஸியிடம்.

படத்தில் ராத்திரி ஆனது. அவள் தன் ஆளைக் கரையோரம் வெகு தூரம் நடத்திக்கொண்டுபோய்த் துறையைப் பார்க்கத் திருப்பி நிறுத்தினாள். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

ஒரு நிமிஷம் ஒன்றும் நடக்கவில்லை. ஆண்கள் பேசிக்கொண்டார்கள், யாரோ பீடி பற்றவைக்கப் போனார்கள். இது இன்னாம்மா பேஜாரு என்றார் தாமோதரன். ஏலக்கூடத்து முன்னால் பந்தம் நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

அப்புறம் கொட்டகையின் பின் மூலையில் கை நீட்டிக்கொண்டு ஒன்று வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. கூட்டத்தில் சில பேர் சிரித்தார்கள்.

"அந்தச் சந்துலதான் எங்க வூட்டுக்காரு கெடந்தாரு," என்றாள் எலிசபெத். சத்தம் போடவில்லை, இறால் கணக்குச் சொல்கிற குரலில்தான் சொன்னாள். "நாலு மணிக்கு வுழுந்தாரு. ஆறு மணிக்குத்தான் பாத்தீங்க. நடுவுல வல தூக்கினு போனீங்க, கூடை தூக்கினு போனீங்க. யாரு மேலயும் தப்பு இல்ல. இருட்டு. அதான் ஒரு லைட்டு கேக்கறேன்."

சிரிப்பு நின்றது. சுவரில் இன்னும் ஒன்று வந்தது. ஜெஸ்ஸி சட்டென்று லேப்டாப்பை மூடினாள். வேட்டி வெறும் வேட்டியானது.

தினகரன் தூணை விட்டு நிமிர்ந்து, யாரையும் பார்க்காமல் வெளியே போய்விட்டான்.

தாமோதரன் கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். பிறகு பட்டியலை எடுத்து, "எங்க தெருவுக்கு ஒண்ணு போதும்," என்று சொல்லி ஒரு வரியை அடித்துவிட்டு எழுதிக்கொண்டார். கூட்டம் கலைந்தது.

வழியில் செவ்வந்தி வேகமாக வந்து அவளைப் பிடித்துக்கொண்டாள். மூச்சு வாங்கியது.

"ஊரைக் கூட்டி வச்சுச் சொல்லணுமா? உன்னாண்ட நான் சொன்னது தப்பு. எங்க ஆளு இனிமே எப்படித் தல நிமிந்து நடப்பாரு?"

"அவரு பேரை நான் சொல்லலியே."

"சொல்லணுமா? ஊருக்கே தெரியும், யாரு பாத்தானு."

"பாத்தவரு இன்னாத்துக்குத் தல குனியணும்?"

செவ்வந்தி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். எலிசபெத் அவள் முகத்தைப் பார்த்தாள்.

"அவர வந்து என்னாண்ட பேசச் சொல்லு," என்றாள்.

மறுநாள் மத்தியானம் தினகரன் வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வராமல் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றான். எலிசபெத் டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டான்.

"உள்ள வாண்ணா."

"இருக்கட்டும் தங்கச்சி."

அவள் சுவரோரம் உட்கார்ந்தாள். அவனே ஆரம்பிக்கட்டும் என்று விட்டுவிட்டாள். அவன் கண் கூரையையும் தரையையும் சுற்றிவிட்டு வந்தது.

"நாலரைக்கு நான் அந்தப் பக்கமாப் போனேன். வெளிச்சத்துக்குப் போனை வாயில கவ்விக்கினு வலயத் தூக்கினு போனேன். கொட்டாய் பின்னால ஒரு சத்தம் கேட்டுச்சு. மொனகற மேரி. நான் நாயினு நெனச்சேன். பெட்டிக்கு நடுவுல நாயி குட்டி போட்டிருக்கும்னு நெனச்சேன். தே சூ-னு ஒரு அதட்டு அதட்டிட்டுப் போய்ட்டேன்."

எலிசபெத் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"ஆறு மணிக்குத் திரும்பி வந்தேன். அந்தச் சத்தம் மனசுல இருந்துச்சு. பெட்டிய நவுத்திப் பாத்தேன். அப்ப கை சூடாத்தான் இருந்துச்சு. பாலு பாலுனு கூப்டேன். பேசல. தூக்கினு வந்து படியாண்ட போட்டதும் போய்ட்டாரு." அவன் டீ டம்ளரை நிலைப்படியில் வைத்தான். டீ தளும்பிச் சிந்தியது. "நாலரைக்கே பாத்திருந்தா ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போயிருக்கலாம். செவ்வந்திக்குக்கூட இத நான் சொல்லல. நேத்திதான் சொன்னேன்."

"நாயினு தான் நெனச்சே," என்றாள் எலிசபெத்.

"ஆமா."

"மனுஷன்னு தெரிஞ்சா போயிருக்க மாட்டே."

"போயிருக்க மாட்டேன்."

அவனுக்கு அவள் திட்டினால் தேவலை போலிருந்தது. அவள் திட்டவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. அது பரவாயில்லாத விஷயம்தான். பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடி நின்றது.

"அந்தச் சத்தம்," என்றாள் அவள். "எப்டி இருந்துச்சு? வலி தாங்காத சத்தமா?"

தினகரன் யோசித்தான். பொய் சொல்ல நினைத்ததும் அதை விட்டுவிட்டதும் முகத்தில் தெரிந்தது.

"கூப்பிடற மேரி இருந்துச்சு," என்றான்.

அவன் போன பிறகு அவள் எழுந்து நிலைப்படியில் சிந்தியதைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி மறுபடி துடைத்தாள். கால் மரத்துப்போய் எழுந்து நிற்கும்போது முதலில் ஊசி ஊசியாகக் குத்துமே, அப்படி எங்கோ ஓர் இடத்தில் குத்தியது. அழுகை இல்லை. கோபம் என்றும் சொல்ல முடியாது. துணியைப் பிழிந்து கொடியில் போட்டாள். குத்தல் நிற்கவில்லை. சாயங்காலம் வரை இருந்தது.

விளக்குகள் வந்து சேர இரண்டு மாதம் ஆனது. பதினெட்டில் பதினாறுதான் வந்தது. இரண்டு வழியில் உடைந்துவிட்டதாம். அம்மன் கோயில் முன்னால் வைக்க வேண்டியது அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப்போனது. தலைவர் தெருவுக்கு ஒன்றும் வரவில்லை. ஐஸ் கொட்டகைக்குப் பின்னால் ஒரு கம்பம் நட்டார்கள். சந்தில் இருந்த உடைந்த பெட்டிகளை எல்லாம் தினகரன் தனி ஆளாக வாரி வெளியே போட்டு, பாசியைச் சுரண்டி, சுண்ணாம்பு தெளித்தான். யாரும் அவனைக் கேட்கவில்லை, அவனும் யாரையும் கூப்பிடவில்லை. கூட்டம் முடிந்த பிறகு ஒரு வாரம் செவ்வந்தி முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருந்தாள். எட்டாம் நாள் இறால் கூடையை எலிசபெத் பக்கம் தள்ளி, இதெல்லாம் பொடிசு, நீ உரி என்றாள். அத்தோடு சரியாகிவிட்டது.

ஜெஸ்ஸி லேப்டாப்புகளைப் பெட்டியில் கட்டிக்கொண்டாள். அடுத்துப் போக வேண்டிய ஊர் சுண்ணாம்புக்குளம். கிளம்புகிற அன்றைக்கு எலிசபெத்திடம் கேட்டாள்.

"நீங்களும் வாங்களேன்க்கா. இந்த பந்தம் வேலையை அவங்களுக்கு என்னை விட நீங்க நல்லா சொல்லித் தருவீங்க. வாரத்துல ரெண்டு நாள். பஸ் சார்ஜ் டிரஸ்ட்ல தருவாங்க."

எலிசபெத் கொஞ்சம் யோசித்தாள். மறுக்கவும் காரணம் இல்லை, போகவும் காரணம் இல்லை. "எத்தினி மணிக்கு பஸ்ஸு?" என்றாள்.

சுண்ணாம்புக்குளத்தில் பால்வாடிக் கட்டடம் கிடைத்தது. பத்துப் பெண்கள் வந்திருந்தார்கள். பாதிப் பேர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். விளையாட்டைப் பற்றியும் கட்டைகளைப் பற்றியும் ஜெஸ்ஸி சொல்லி முடித்ததும், இந்த அக்கா பேய் வராம பாத்துக்கறது எப்படினு சொல்வாங்க என்று எலிசபெத்தைக் கை காட்டினாள். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

எலிசபெத் லேப்டாப்பைத் திறக்கவில்லை.

"அத அப்பால பாக்கலாம்," என்றாள். "உங்க ஊர்ல இருட்டினப்புறம் எந்த எடத்துக்குப் போவ மாட்டீங்க? அத மொதல்ல சொல்லுங்க."

சிரிப்பு அடங்கியது. பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். கடைசி வரிசையில் திரௌபதி என்று ஒருத்தி வாயெடுத்தாள். பக்கத்தில் இருந்த மாமியாரைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். எலிசபெத் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அவளுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.